கஞ்சி போகாத பேய்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம் முடிந்த பிறகும் பொருட்காட்சி சில நாள் நடக்கும். அந்த ஆண்டு அதில் ஒரு பேய்க் கோட்டை வந்திருந்தது. ஒட்டுப்பலகைக் கோபுரங்கள், வாசலில் தெர்மோகோல் மண்டை ஓடு, உள்ளே இருட்டில் வளைந்து ஓடும் சிறு தண்டவாளம். அதன்மேல் இருவர் இருவராக உட்காரும் ஐந்து பெட்டிகள்.

நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை மாலை. என் மனைவி ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி தயாரிக்கும் இடத்தில் மேற்பார்வையாளர். மருத்துவமனைகளுக்குப் போகும் துணியை மேசையில் விரித்து, கறை, ஓட்டை, இழை விலகல் பார்த்து மடிப்பது அவள் பிரிவின் வேலை. அந்தப் பிரிவின் எட்டுப் பெண்களும் பேருந்து ஏறி வந்திருந்தார்கள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பத்துப் பேர். வண்டி நிறைந்தது.

கோட்டையை நடத்தியவர் சேத்தூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். அன்றைக்கு அவருக்கு முதல் வண்டி நாங்கள்தான். ஏற்றிவிடும்போதே கெஞ்சினார்.

"அக்கா, உள்ள நல்லாக் கத்திருங்க. நாளைச் சாயங்காலத்துக்குள்ள கூட்டம் சேரலேன்னா எடத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாரு பொருட்காட்சிக் காண்ட்ராக்டர். வெளிய நிக்கவுக சத்தத்தக் கேட்டாத்தான் டிக்கெட் எடுப்பாக."

"பயமா இருந்தாக் கத்துதோம்" என்றார் முன்பெட்டியில் இருந்த பெண்.

முதல் வளைவில், வெள்ளைத் துணி போர்த்திய எலும்புக்கூடு மேலிருந்து இறங்கியது. அந்தப் பெண் கையை நீட்டித் துணியின் ஓரத்தைப் பிடித்து விரலிடையில் தேய்த்தார்.

"ஏட்டி, கஞ்சியே போகல. வெளுக்காத துணி."

"ஓரமும் பிரிஞ்சிருக்கு பாரு" என்றது அடுத்த பெட்டி.

இரண்டாம் வளைவில் சவப்பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்தது பொம்மை அல்ல, ஆள். அவர் கையில் சுற்றியிருந்த துணியையும் பிடித்துவிட்டார்கள்.

"விடுங்கக்கா, கிழிஞ்சிரும்" என்றது பேய்.

"இதா கிழியும்? அட்ட கணக்கா இருக்கு."

நாங்கள் வெளியே வந்தபோது, வாசலில் தயங்கி நின்றிருந்த ஒரு குடும்பம் ராட்டினத்தைப் பார்த்து நடந்துவிட்டது. சேத்தூர்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கத்தாட்டாக் கூடப் பரவால்ல. பேசிக்கிட்டே வாரீக."

"துணி தப்பு, தம்பி" என்றாள் என் மனைவி. "கஞ்சித் துணி தட்டி மாதிரி நிக்கும். அசையாத பேய்க்கு யாரு பயப்படுவா? வெளுத்த துணின்னா மூச்சுக் காத்துக்கே நெளியும். கறை விழுந்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாதது எங்ககிட்ட கெடக்கு. மொதலாளிட்டக் கேட்டு நாளைக்கு எடுத்துட்டு வாரேன்."

அவர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, அவிய நெசமாத்தான் சொல்லுதாகளா?"

அவள் துணி விஷயத்தில் விளையாட்டுக்குப் பேசி நான் கேட்டதில்லை. அதைச் சொன்னேன்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மூன்று மூட்டைகளுடன் போனோம். விளக்கைப் போட்டதும் கோட்டை ஒரு சரக்குக் கிடங்குபோல இருந்தது. கயிறுகள், கப்பிகள், ஒரு மேசை விசிறி. சவப்பெட்டி மேல் உட்கார்ந்து பேய் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் பழைய துணியை எல்லாம் உருவிப் போட்டார்கள். புதியதை இரண்டு மடிப்பாக, கீழ் ஓரம் கட்டாமல் தொங்கவிட்டார்கள். விசிறியைத் தரையில் வைத்தார்கள். இரண்டாம் வளைவில் பெட்டியில் வருபவர்களின் கழுத்து உயரத்துக்கு மெல்லிய நாடாக்களைத் தொங்கவிடலாம் என்றார் அவர்களில் இளையவர்.

"பட்டாப் போதாது. பட்டுட்டு நழுவணும்" என்றாள் என் மனைவி. அதற்காகவே நான்கு முறை அவிழ்த்துக் கட்டினார்கள்.

நான்கு மணிக்கு முதல் வண்டி. கிருஷ்ணன்கோவிலில் படிக்கும் மாணவர்கள், போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி உள்ளே போனார்கள். முதல் வளைவு வரை சிரிப்பு கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சேத்தூர்க்காரர் ஒட்டுப்பலகையில் காதை வைத்தார். அடுத்த கணம் பத்துப் பேரும் சேர்ந்து போட்ட அலறலில் பஜ்ஜிக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது வண்டி கிளம்பும்போது வரிசை பஜ்ஜிக் கடையைத் தாண்டியிருந்தது. நான் நாளிதழில் நிருபராக இருந்தவரை இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி 'பொதுமக்கள் கண்டு களித்தனர்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அன்று இறங்கியவர்களில் பாதிப் பேர் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இறங்கிய சிலர் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

எங்கள் ஆள்கள் பக்கவாட்டில் டெல்லி அப்பளத்துடன் நின்று கேட்டார்கள்.

"இது ரெண்டாவது வளைவு."

"இல்லக்கா, மூணாவது. ரெண்டாவதுக்கு ஆம்பளைக சத்தம்லா கூட வருது."

ஐந்து மணிக்குக் காண்ட்ராக்டர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று இரண்டு வண்டிகளின் அலறலைக் கேட்டார். வரிசைக்குக் கயிறு கட்டத் தன் ஆளை அனுப்பினார். "கடைசி நாள் வரைக்கும் இரும்" என்று சேத்தூர்க்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சேத்தூர்க்காரர் எங்களிடம் ஓடி வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"அக்கா, அடுத்த வண்டி உங்களுக்குத்தான். எல்லாரும் ஏறுங்க."

"எங்கள ஏத்திக் கெடுத்துக்காதீங்க தம்பி" என்றாள் என் மனைவி. "கத்துறவுகள ஏத்துங்க."