பூங்கோதை என் குரலுக்குத் திரும்பவில்லை

நான் பொய் சொன்னேன். வாய் தவறிச் சொன்னதல்ல. தெரிந்தே, ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கேட்காத குழந்தைக்குக் கேட்கிறது என்றேன்!

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மன்னிக்க வேண்டியவர்கள் வேறு இருவர். யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும்... அவ்வளவுதான்.

எண்பதுகளின் பிற்பகுதி. காது கேளாத பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளிலும் சேர்க்கத் தொடங்கியிருந்த காலம். காதுக்கருவியை மாட்டிய பிள்ளைக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று ஆசிரியர்களுக்குக் கற்றுத்தருவது என் வேலை. தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் கோடைப் பயிற்சி. கருவி என்றால் ஒரு சோப்புப்பெட்டி அளவு இருக்கும். துணிப்பையில் போட்டு மார்பில் தொங்கவிட வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும்.

விடுமுறை பறிபோன கோபம் ஆசிரியர்களுக்கு. பெருங்களத்தூரிலிருந்து வந்திருந்த கணக்கு வாத்தியார் காலையிலிருந்தே என்னைச் சீண்டிக்கொண்டிருந்தார். "மேடம், இந்த டப்பாவை மாட்டினா காது வந்துடுமா? அப்போ எங்க ஹெட்மாஸ்டருக்கும் ஒண்ணு குடுங்களேன்!" அறையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. செய்தே காட்டுகிறேன் பார் என்று வீம்பு வந்தது.

செய்முறை காட்டுவதற்கென்றே ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு சிறுமியை வரவழைத்திருந்தோம். பூங்கோதை, ஆறு வயது, பிறவியிலேயே கேளாதவள். அவளுடைய அம்மா செல்வி வாசலோரம் நின்றாள். தாயும் மகளும் கைகளால் பேசிக்கொண்டார்கள். யாரும் கற்றுத்தராத, அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட பேச்சு அது. வந்த சற்று நேரத்தில் குழந்தை எனக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டாள்: நெற்றியில் விரலால் பெரிய வட்டம். என் பொட்டு அவ்வளவு பெரிது! செல்வி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

கருவியை மாட்டி, அவள் முகம் ஆசிரியர்களைப் பார்க்கும்படி உட்கார வைத்தேன். பின்னால் போய் நின்று, "பூங்கோதை!" என்று கூப்பிட்டேன்.

திரும்பினாள்!

கைதட்டல்... முதலில் தட்டியவர் அந்தக் கணக்கு வாத்தியார்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

செல்வியையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு, கருவியைக் கழற்றக் குனிந்தேன். சுவிட்ச் அணைந்தே இருந்தது. போடவே மறந்திருக்கிறேன்!

பிறகு எப்படித் திரும்பினாள்? நான் கூப்பிட்டதும் எதிரே இருந்த அத்தனை பேரும் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண் போன பக்கம் அவளும் பார்த்திருக்கிறாள். கேளாத குழந்தை வேறு எதை நம்பிப் பிழைக்கும்?

பதறிப்போய் சுவிட்சைப் போட்டேன். சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். பின்னால் நின்று கூப்பிட்டேன்... கத்தினேன். அவள் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் செல்வி ஓடிவந்தாள். கண் நிறைய நீர். "டீச்சர்... நெசமாவே கேக்குதா எம் பொண்ணுக்கு?"

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? இல்லையம்மா, தவறு நடந்துவிட்டது என்று சொன்னால் போதாதா? ஆனால் வாசலில் கணக்கு வாத்தியார் டீ டம்ளரோடு நின்றிருந்தார்.

"கேக்குதும்மா," என்றேன்.

அதோடு விட்டேனா? என் படிப்பில் எனக்குச் சொல்லித்தந்த விதியையும் சேர்த்துச் சொன்னேன். "இனிமே கையால பேசாதீங்க. அதுலயே பழகிட்டா காதால கேக்க சோம்பல்படுவா. வாயாலயே கூப்பிடுங்க." செல்வி பயபக்தியோடு தலையாட்டினாள். மகள் ஏதோ கேட்கக் கையைத் தூக்கினாள். அந்தக் கையை அம்மா பிடித்து மெல்ல இறக்கிவிட்டாள். கருவியை அவர்களிடமே கொடுத்தனுப்பினோம்.

தொண்ணூறுகளில் ஒரு மாலை, தாம்பரம் ஸ்டேஷன். "பூங்கோதை! ஏய், பூங்கோதை!" என்று ஒரு குரல். முன்னால் ஒரு தாவணிப் பெண் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடிய அம்மா அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். மார்பில் அந்தத் துணிப்பை!

செல்வி என்னை அடையாளம் கண்டு கும்பிட்டாள். "டீச்சர்! நல்லா கீறீங்களா? இவளக் கொஞ்சம் கேளுங்க டீச்சர். காது நல்லா கேக்குது. நீங்கதான் அன்னிக்குக் காட்டினீங்களே, என் கண்ணால பாத்தேனே! வேணும்னே திரும்ப மாட்டேங்கறா. அவ்ளோ திமிரு. இஸ்கோல்லயும் அதுக்கோசரம்தான் அடி வாங்கிகினு வரா."

எத்தனை ஆண்டுகள்... எத்தனை அடிகள்! ஒவ்வொன்றும் என் நாக்கிலிருந்து புறப்பட்டது அல்லவா?

பூங்கோதை என்னை உற்றுப் பார்த்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது. விரலை நெற்றிக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

"கைய ஆட்டாதடீ!" செல்வி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "நீங்க சொன்னத இன்னி வரைக்கும் வுடல டீச்சர். வூட்ல யாரும் அவகிட்ட கையால பேசறதில்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது... பீச் ஸ்டேஷன் போகும் வண்டியும் வந்தது. "என் வண்டிம்மா," என்று ஏறிவிட்டேன். பாவி!

கதவோரம் நின்று பார்த்தேன். பூங்கோதை கூட்டத்தில் முன்னால் போய்விட்டாள். செல்வி மறுபடியும் பின்னாலிருந்து கூப்பிடத் தொடங்கினாள். அடுத்த அடி விழுவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் செங்கல்பட்டு வண்டியில் போய் வருகிறேன். பூங்கோதையின் ஊரப்பாக்கத்தில் வண்டி நிற்கிறது. நான் இறங்கியதில்லை.