குக்கர் விசிலுக்கு ஒரு கணக்கு

மராத்தி ஊரான வானவடியில் எங்கள் எதிர் ஃப்ளாட் ஹபீபாவுக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். கணவர் கவுஸ் பக்கத்துக் கோர்படியில் செருப்புக் கடை வைத்திருந்தார். ஹபீபா வீட்டிலேயே சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பாள். சண்டையெல்லாம் ஹிந்தியிலும் மராத்தியிலும்; அழுகை மட்டும் தமிழில். 2002 ஆகஸ்டில் ஒருநாள் அப்படித்தான் அழுதுகொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ருக்ஷானாவ டாக்டர்ட்ட காட்டச் சொல்லி ஸ்கூல்ல சொல்லுதாவ. அரைப்பரீட்சையிலயும் பாதிப் பேப்பர எழுதாம வெறுந்தாளாக் குடுத்தா, தீபாவளி லீவோட டி.சி.யாம்."

மகள் ருக்ஷானா மூன்றாம் வகுப்பு. ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடுவாள். வழியில் பூனையைப் பார்ப்பாள். பூனையோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். செருப்புக் கடைக்காரர் மகளுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு ஜோடி கிடையாது.

டாக்டரம்மா கண், காது எல்லாம் பார்த்துவிட்டு இரண்டு படிவம் கொடுத்தார். ஒன்று வகுப்பு டீச்சருக்கு, ஒன்று வீட்டுக்கு. நான் இங்கிலீஷைத் தமிழில் சொல்லச் சொல்ல ஹபீபா டிக் அடித்தாள். இடத்தில் உட்காராமல் ஓடுகிறாளா? இல்லவே இல்லை. பொருள்களைத் தொலைக்கிறாளா? இல்லவே இல்லை.

"ஹபீபா, நேத்துதானே வாட்டர் பாட்டிலைத் தொலைச்சா?"

"அது நமக்குள்ள. நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவுக கையில இந்தத் தாள் சிக்குனா?"

"அவளுக்கு எட்டு வயசு!"

"தாளு அழியாதுல்லா அக்கா."

புது ஊரில் எந்தத் தாளைக் கண்டாலும் எனக்கும் பயம்தான். அடுத்த கேள்வியைப் படித்தேன்.

அடுத்த முறை கவுஸும் எங்களோடு வந்தார். டீச்சர் தாளில் எல்லாமே 'மிக அடிக்கடி'. டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு ரெட்டைக் குழந்தையா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அதற்குள் ருக்ஷானா எடை மெஷினில் தன்னையும், ஸ்டூலையும், என் கைப்பையையும் நிறுத்தி முடித்திருந்தாள். கவுஸ்தான் முதலில் சிரித்தார். "ஸ்கூல் தாளே சரிங்க டாக்டர்."

ஹபீபா முகம் சிவக்க, அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிப் போட்டாள். பிறகு டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: ஏ.டி.எச்.டி. குழந்தையின் மூளை அப்படி வேலை செய்கிறது. அது திமிரும் இல்லை, வளர்ப்பின் குற்றமும் இல்லை.

"என் வளர்ப்பு இல்லியா?" ஹபீபா இரண்டு தடவை கேட்டாள்.

"இல்லை. இப்போதைக்கு மாத்திரை இல்லாமல் பார்ப்போம். தேவைப்பட்டால் தருவேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை." பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்கணும், நடுவே ஓடவிடணும், நேரத்துக்குத் தூக்கம், டி.வி. குறைவு, ஒரு நேரத்தில் ஒரே வேலை. முன் பெஞ்சில் உட்காரவைக்கவும், பரீட்சை நடுவே ஒரு நிமிடம் எழுந்து நிற்கவிடவும் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

துண்டை எப்படி அளப்பது? ஹபீபா அடுப்பில் குக்கரை ஏற்றினாள். ஒரு விசில் வரை கணக்கு. விசில் வந்ததும் படியிறங்கி வாட்ச்மேன் நாற்காலியைத் தொட்டுவிட்டு ஓடிவர வேண்டும். அடுத்த விசில் வரை ஹிந்தி. மறுபடி வாட்ச்மேன். ஒரு வாரத்தில் அவரே நாற்காலியை மாடிப்படிக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

பருப்புதான் பாவம்.

"ஏளா, இது பருப்பா பாயாசமா?" என்பார் கவுஸ்.

"ஒங்க மவ ஏழாம் வாய்ப்பாடு சொல்லுதா. பேசாமக் குடிங்க."

அக்டோபரில் அரைப்பரீட்சை. கணக்குப் பரீட்சையன்று ஹபீபாவும் நானும் பள்ளி கேட்டில் நின்றோம். அவள் துப்பட்டா நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள். கடைசியில் வகுப்பு டீச்சர் கானடே மிஸ் ருக்ஷானாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பேப்பர் முழுக்க எழுதிட்டா. ஆனா பக்கம் முடிஞ்சதும் எழுந்து நின்னு 'உஸ்ஸ்ஸ்'ங்கறா. மூணாவது தடவை மொத்த வகுப்பும் சேர்ந்துக்கிச்சு. என்னம்மா அது?"

"குக்கர், மிஸ், குக்கர்!" ஹபீபா அழுதுகொண்டே சிரித்தாள். "அப்போ டி.சி.?"

"எதுக்கு டி.சி.? அடுத்த பரீட்சைக்கு விசில் கொஞ்சம் மெதுவா வரட்டும், போதும்."

வீட்டுக்கு வந்ததும் ஹபீபா டாக்டரம்மா கொடுத்திருந்த அடுத்த படிவத்தை எடுத்துப் பிரித்தாள். பொருள்களைத் தொலைக்கிறாளா?

நாங்கள் இருவரும் ருக்ஷானாவைத் திரும்பிப் பார்த்தோம். ஒரு காலில் மட்டும்தான் ஷூ இருந்தது.

"அடிக்கடின்னு போடுங்க அக்கா," என்றாள் ஹபீபா. "நல்லாப் பெருசா போடுங்க."