அடுக்களை மேடைக்கு எடுத்த அளவு

தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி ஒரு முத்து வியாபாரியின் பழைய வீடு நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து கட்டடக் கலைஞரை வரவழைத்துக் கட்டியது. யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். இப்போது கல்யாண ஜோடிகள் படமெடுக்க வருகிறார்கள். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது நாங்கள் யோசனை திருட வந்தோம்.

நாங்கள் என்றால் அப்பா, அம்மா, அம்மாவின் கல்யாணமாகாத தங்கையான சித்தி, நான். காலையில் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டியது என்னைப் பொறுத்தவரை வழியில் நேர்ந்த தாமதம், அவ்வளவுதான். டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் உள்ளே வைத்து நெடுநேரம் பேசினார். வெளியே வந்த அப்பா நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம் என்றார். அம்மாதான், "வந்தது வந்தோம், அந்த வீட்டப் பாத்துட்டே போவோம்" என்றாள்.

விளாத்திகுளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த அப்பா, அப்போதுதான் சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார். சட்டைப்பையில் எந்நேரமும் டேப் இருக்கும். உள்ளே நுழைந்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வளைந்தேறும் மாடிப்படியைத் தடவிப் பார்த்தார்.

"இதுமாதிரி ஒண்ணு நமக்கும் போடணும்."

"மாடியே இல்லாத வீட்டுக்கு மாடிப்படியா?" என்றாள் அம்மா.

"இருக்கட்டுமே. பாக்கதுக்கு நல்லாருக்கும்லா."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அப்பாவின் புத்தி அப்படியே எனக்கு வந்திருப்பதாக என் மனைவி இன்றும் சொல்கிறாள்.

அடுக்களையில், கூடவே வந்த அந்த வீட்டுக் காவலாளி மேடையைத் தட்டிக் காட்டினார். "பாத்தியளா அண்ணாச்சி, வீட்டம்மாவ நிக்க வச்சி, முழங்கை மட்டத்த அளந்தபெறவுதான் இதப் போட்டிருக்கான் வெள்ளக்காரன். குனியவே வேண்டாம்."

அப்பா உடனே டேப்பை உருவினார். "ஏளா, நீ இங்கன வந்து நில்லு."

அம்மா நிற்கவில்லை. சித்தியின் தோளைப் பிடித்து மேடையருகே நிறுத்தினாள். "இவளுக்கு அளவெடுங்க."

அம்மா குள்ளம். சித்தி கிட்டத்தட்ட அப்பாவின் உயரம். "அம்மாவுக்கு எட்டாதே! ஸ்டூல்ல ஏறித்தான் தோச சுடணும்" என்று கைகொட்டிச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு வரவேற்பில்லாமல் போனதற்கு அங்கேதான் ஆரம்பம்.

"யக்கா, என்ன பேச்சு பேசுத? வா, போவோம்." சித்தி கையை உதறினாள்.

"அசையாம நில்லுளா" என்றாள் அம்மா. பிறகு அப்பாவிடம், குழம்பில் உப்பு சரியா என்று கேட்கும் குரலில், "வேற எவளையும் தேட வேண்டாம். எம்பிள்ளய இவ பாத்துக்கிடுவா. அளவெடுங்க" என்றாள்.

அப்பா அளந்தார். மறுபடியும் அளந்தார். காவலாளி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். சித்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இனி தினமும் அவள்தான் எங்களுக்குத் தோசை சுட வேண்டுமே என்று அழுகிறாள் என நினைத்தேன்.

வீட்டுக்குக் கூரை போட்டபோது அம்மா இல்லை. மறு வருஷம் சித்தி புதுத் தாலியோடு அந்த மேடைமுன் நின்றாள். குனியத் தேவையிருக்கவில்லை. அம்மா என்று கூப்பிடும்படி என்னிடம் எல்லோரும் சொன்னார்கள். சித்திதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்று ஊர் திரும்பும்போது அப்பா எனக்குப் பிடித்த முந்திரி மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கினார். பெரியவர்கள் மூவருமே தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். பஸ்ஸில் ஜன்னலோர இடம், மடியில் முழுப் பொட்டலம், பக்கத்தில் அம்மா. இனிமேல் மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு வருவோமா என்று அவளிடம் கேட்டேன்.