இரண்டு முறை வடித்த கீரை

நான் பத்தாவது வரை படித்தவள். அக்காவின் இந்த நினைவு மலரில் எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் நம் குடும்பத்தில் இருக்கிறார்கள். "கூடவே இருந்தவ நீதான், நீயே எழுது" என்று அக்காவின் கணவர், என் மாமா, கூறிவிட்டார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தவர் அவரே. கரையில் இருந்த குடிசைகளை அகற்றியபோது, ஊருக்கு வெளியே நான்காவது மாடியில் எங்களுக்கு வீடு கொடுத்தார்கள். இரண்டு பஸ் மாறி மந்தைவெளிக்கு வீட்டு வேலைக்குப் போய்வர நேரம் போதவில்லை. அந்த வேலை நின்றது.

அதன்பின் அக்கா ஏரிக்கரையில் தானாக முளைக்கும் கீரைகளைப் பறிக்கலானார். தொய்யல், சாரணை, பண்ணை எல்லாம் கலந்து ஒரு கட்டு. சாக்கடை ஓரத்தில் முளைத்ததைத் தொடமாட்டார். நுனியைத்தான் கிள்ள வேண்டும்; நான் வேரோடு பிடுங்கினால் கையில் அடி விழும். வேலைபோல நேரத்துக்குப் போய் நிற்க வேண்டியதில்லை என்பதால், முன்பு பாத்திரம் தேய்த்த மந்தைவெளி வீடுகளின் வாசலிலேயே விற்றார்.

"என்னம்மா, கட்டு இத்துனூண்டு இருக்கு?" என்பார்கள்.

"யாரும் தண்ணி ஊத்தாம மொளச்சதும்மா. அதால இவ்ளோதான் முடியும்."

பிறகு சிறுநீரகம் கெட்டது. மூன்று வருடம் டயாலிசிஸ். பொட்டாசியம் ஏறிவிடும், கீரையே கூடாது என்றார் டாக்டர். நான் பறித்து வருவதை ஆய்ந்து மட்டும் கொடுப்பார். எனக்கும் சலித்துப்போன நாட்கள் உண்டு.

கடைசி வாரம் கீரை கேட்டார். வேகவைத்து இரண்டு முறை தண்ணீரை வடித்து, ஒரு ஸ்பூன் கொடுக்கலாம் என்று நர்ஸம்மா சொன்னபடி செய்தேன்.

"இன்னாடி இது? கீரையா, தோச்சிப் புழிஞ்ச துணியா?" என்றார் அக்கா. மாமா சிரித்துவிட்டார். "வடிக்காதது ஒரு வாய் குடுடி" என்று என்னிடம் கேட்டார் அக்கா.

"உன்ன தூக்கிக்கினு நாலு மாடி எறங்குறது நானு. பேசாம துண்ணு" என்றேன்.

பேசாமல் தின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அருகில் போய், "நாளைக்குப் பறிச்சாந்து வடிக்காமலே கடைஞ்சி தரேன்க்கா" என்றேன்.

"தொய்யக்கீரையா பாத்துக் கிள்ளு. புடுங்காத."

நாற்காலியோடு அக்காவை மாடி ஏற்றி இறக்கிய அக்கம்பக்கத்தாருக்கும், ஆட்டோக்காரத் தம்பிக்கும், பேரம் பேசாமல் கீரை வாங்கிய மந்தைவெளி அம்மாக்களுக்கும், முகம் சுளிக்காத மாமாவுக்கும் எங்கள் நன்றி.

நாளைக்கு என்று நான் சொன்ன அந்த மறுநாள் காலை, நான் ஏரிக்கரையில் இருந்தபோது அக்கா காலமானார். பறித்த கீரையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.