சம்பந்தி வீட்டு இளநீர்

கோயம்புத்தூரில் பம்ப் என்றால் தனி மரியாதை. ஊரில் பாதிப் பேர் மோட்டார் பம்ப் செய்து பிழைத்தார்கள், மீதிப் பேர் அதை வாங்கிக் கிணற்றில் இறக்கினார்கள். அதனாலோ என்னவோ, நான் உடலியல் சொல்லிக்கொடுக்கும் நர்சிங் கல்லூரியில் எந்த வருஷத்துப் பிள்ளைகளைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். நரம்புச் செல் எந்தச் செய்தியும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் ஏன் எதிர்மின்னாக இருக்கிறது என்று கேட்பேன். “சோடியம் பொட்டாசியம் பம்புங்க மேடம்” என்று மொத்த வகுப்பும் கோரஸ் பாடும். பம்பைத் தவிர வேறு எதற்கும் இந்த ஊரில் பெருமை போய்ச் சேரக் கூடாது போலிருக்கிறது.

பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. கைடில் அப்படித்தான் போட்டிருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியை, “பரீட்சைக்கு இது போதுங்க மேடம், எதுக்குங்க புள்ளைகளக் கொழப்பிக்கிட்டு” என்பார். தெளிவாகச் சொல்வதற்கு இங்கே குழப்பம் என்று பெயர். நானும் விடுவதாக இல்லை. போர்டில் ஒரு வட்டம் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

பம்ப் சோடியத்தை வெளியே தள்ளுகிறது, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் குவிகின்றன. வெளியே போவது மூன்று, உள்ளே வருவது இரண்டு என்பதால் உட்புறம் ஒரு துளி எதிர்மின்னாவது உண்மைதான். ஆனால் அது துளிதான். பெரிய வேலையைச் செய்வது செல் சவ்வில் இருக்கும் சேனல்கள். அவற்றில் பொட்டாசியத்துக்கென்றே சில உண்டு, அவை எப்போதும் திறந்தே கிடப்பவை. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் பொட்டாசியம் அந்த வழியாக வெளியே கசிகிறது. போகும் ஒவ்வொன்றும் ஒரு நேர்மின்சுமையைத் தூக்கிக்கொண்டு போகிறது. கூடவே போக முடியாத பெரிய புரதங்கள் எதிர்மின்சுமையோடு உள்ளேயே தங்கிவிடுகின்றன. உட்புறம் எதிர்மின்னாக ஆக ஆக, அது கிளம்பிப் போகும் பொட்டாசியத்தைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் ஏறக்குறைய சமமாகிற இடத்தில், கொஞ்சம் சோடியமும் உள்ளே கசிவதையும் சேர்த்துக்கொண்டு, செல் கழித்தல் எழுபது மில்லிவோல்ட்டை ஒட்டி நிற்கிறது. ஓய்வுநிலை மின்னழுத்தம் என்பது இதுதான்.

மொட்டைமாடித் தொட்டியை நிரப்புவது மோட்டார்தான். அதற்காகக் கீழே குழாயில் எவ்வளவு தண்ணீர் வரவேண்டும் என்பதையும் மோட்டாரா முடிவு செய்கிறது? இப்படிக் கேட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கும். பரீட்சையில் மறுபடியும் பம்ப் என்று எழுதிவைக்கும்.

இதில் சூட்சுமம் ஒன்று இருக்கிறது. பொட்டாசியம் கசிய வேண்டுமானால் வெளியே அது குறைவாக இருக்க வேண்டும். இரத்தத்தில் அது கூடிப்போனால், உள்ளிருப்பது வெளியே வர அவ்வளவாக அவசரப்படாது. உட்புறம் முன்போல எதிர்மின்னாக இருக்காது. அப்புறம் செய்தியைக் கிளப்பவேண்டிய சோடியம் சேனல்கள் பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் அடைத்துக்கொண்டு நிற்கும். நரம்பு தளரும், தசை தளரும், கடைசியில் இதயம் தடுமாறும். கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறவன் எதை வேண்டுமானாலும் குடிக்கலாம்.

என் அண்ணனுக்குச் சிறுநீரகம் நன்றாக இல்லை.

அவர் சூலூரில் தறி ஓட்டுகிறார். நெடுநாள் சர்க்கரை, அது சிறுநீரகத்தில் கொண்டுபோய் விட்டது. டாக்டர் என் எதிரிலேயே சொன்னார், பொட்டாசியம் சேரக் கூடாது, முக்கியமாக இளநீரும் வாழைப்பழமும் கூடாது என்று. அண்ணன் பயபக்தியோடு தலையாட்டினார். வீட்டுக்கு வந்து செய்த ஒரே மாற்றம் ரசத்தில் உப்பைக் குறைத்ததுதான். நோய் என்று வந்தால் உப்பைக் குறைப்பது எங்கள் குடும்பத்தின் சர்வரோக நிவாரணி.

அதற்கு முந்தைய வருஷம்தான் அண்ணன் மகளைக் கொடுமுடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டில் ஆற்றங்கரையை ஒட்டித் தென்னந்தோப்பும் வாழையும். நல்ல மனிதர்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, மாதம் தவறாமல் பார்க்க வந்தார். வரும்போது கார் டிக்கி நிறைய இளநீர். கூடவே அரிவாள். இறங்கினதும் வாசலில் நின்று தன் கையாலேயே சீவி, தன் கையாலேயே கொடுத்து, குடித்து முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் சம்பந்தி கையிலிருந்து வருவதை வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? எங்கள் பக்கத்தில் அதைவிடச் சுலபமாக உயிரை விட்டுவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வருகிறார் என்று தெரிந்தே உக்கடத்தில் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் மாறி, சூலூர் போனேன். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். சமையலறையில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“நங்கை, சம்பந்திகிட்ட இன்னைக்காச்சும் சொல்லிப்போடுங்க. அண்ணனுக்கு எளநி விஷமாட்ட.”

“அதெப்படி அம்மணி சொல்றது? அத்தனை தூரத்துல இருந்து ஆசையாக் கொண்டாராங்க. நாளைக்குப் புள்ளைய ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா?”

“அப்ப நான் சொல்றேன்.”

“அய்யோ கண்ணு, நீ வாயையே தெறக்காத.”

கார் வந்தது. சம்பந்தி சீவினார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். “கல்கண்டாட்ட இருக்குதுங்க சம்பந்தி, உங்க தோப்பு எளநிக்கு ஈடே கெடையாதுங்க” என்று பாராட்டும் வேறு. பாராட்டினால் என்ன நடக்கும் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். உடனே இரண்டாவது வந்தது. நான் “அண்ணா” என்று ஆரம்பித்தேன். அவர் இளநீருக்கு மேலாக என்னை ஒரு முறை முறைத்தார். மரியாதையாம். இந்த மரியாதையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. அவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்திருக்க வேண்டும்.

எனக்கும் ஒன்று சீவிக் கொடுத்தார்கள். வயிற்றெரிச்சலோடு குடித்தேன். நிஜமாகவே கல்கண்டாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சல்.

மறுநாள் காலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நங்கை போன் செய்தார். அண்ணனால் மாடிப்படி ஏற முடியவில்லையாம். கால் இரண்டும் மரக்கட்டையாகக் கனக்கிறதாம், விரல் நுனியெல்லாம் மதமதவென்று இருக்கிறதாம்.

“வெயில்ல தறிப்பக்கம் நின்ன அசதி அம்மணி. இருந்த எளநியில ஒண்ண இப்பத்தான் சீவிக் குடுத்தேன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். வருஷம் தவறாமல் நான் போர்டில் வரைகிற வட்டம் என் அண்ணனின் காலுக்குள் நடந்துகொண்டிருந்தது. அதற்கு இவர்கள் மேலும் இளநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து, உடனே காரில் ஏற்றுங்கள் என்று கத்தினேன். பயத்தில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். அலைகள் கூடாரம் மாதிரி கூராக எழும்பி நின்றன, பொட்டாசியம் ஏறிப்போனதன் அடையாளம். அந்தப் படத்தை நான் வகுப்பில் காட்டியிருக்கிறேன், சொந்த அண்ணனின் பெயர் போட்ட தாளில் பார்த்ததில்லை. முதலில் கால்சியம் ஊசி போட்டார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயம் தடுமாறாமல் கொஞ்ச நேரத்துக்குப் பிடித்து நிறுத்தும். பிறகு குளுக்கோசோடு இன்சுலின் ஏற்றினார்கள். இன்சுலின் என்ன செய்யும்? செல்களில் இருக்கும் சோடியம் பொட்டாசியம் பம்பை முடுக்கிவிடும். பம்ப் வேகமாக ஓடி, இரத்தத்தில் மிதக்கும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுத்துப்போடும்.

நான் வருஷக்கணக்காக மட்டம் தட்டிய அதே பம்ப். வாசலில் ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஓடு சாமி, நிற்காமல் ஓடு என்று அதனிடம் வேண்டிக்கொண்டேன். என் மாணவிகள் பார்த்திருந்தால் கோரஸ் பாடியிருப்பார்கள்.

சாயங்காலம் அண்ணன் வார்டுக்கு வந்துவிட்டார், காலை மடக்கி நீட்டினார். அதே நேரம் சம்பந்தியும் வந்து சேர்ந்தார். கையில் ஒயர்க்கூடை. கூடையில் என்ன இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

நங்கை எழுந்து, “வாங்க வாங்க, எதுக்குங்க இத்தனை சிரமம்” என்று கூடையை வாங்கக் கை நீட்டினார். என் பொறுமை அங்கே அறுந்தது.

“இந்த எளநிதானுங்க அண்ணனை இங்க கொண்டாந்து படுக்க வெச்சது” என்றேன். “இன்னும் ஒண்ணு குடிச்சா நெஞ்சு நின்னுபோயிருமுங்க.”

நங்கை தலையில் கை வைத்துக்கொண்டார். சம்பந்தி கூடையைத் தரையில் வைத்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஏனுங்க அம்மணி, இத மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க” என்றார் மெதுவாக. “நாங்க எளநி போடறதே கெடையாதுங்க. முத்தவிட்டுத் தேங்காயாத்தான் வியாபாரிக்குக் குடுப்போம். சம்பந்தி ஆசையாக் குடிக்கறாருன்னுதானுங்க எளசா எறக்கினது. வெறுங்கையோட வந்தா மனசு நோவாரோன்னு பயந்துக்கிட்டு.”

அவர் இவருக்குப் பயந்து இறக்கியிருக்கிறார், இவர் அவருக்குப் பயந்து குடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டு மண்டையில் தட்டலாம் என்று இருந்தது.

அவர் போனபிறகு அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “பொண்ணக் குடுத்த எடத்துல என்ற மானத்த வாங்கிப்போட்டயே” என்றார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. உயிர் திரும்பியதும் முதல் வேலையாக மானம் போனதற்கு வருத்தப்பட ஆரம்பித்துவிட்டார். நானும் பேசவில்லை. எனக்கு மட்டும் ரோஷம் இருக்கக் கூடாதா?

அண்ணன் வீடு திரும்பிச் சில வாரம் கழித்து சம்பந்தி பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பேசாத அண்ணன் வீட்டுக்கு மறுபடியும் பஸ் ஏறிப் போனேன். கார் டிக்கி திறந்தது. இளநீர் ஒன்றுகூட இல்லை. மனிதர் நான் சொன்னதை அப்படியே மதித்திருந்தார். அதற்குப் பதிலாக ஒரு முழு நேந்திரம் தார். இளநீர் கூடாது என்றுதானே சொன்னேன், வாழைப்பழத்தைப் பற்றி அந்த வார்டில் யார் வாயைத் திறந்தார்கள்?

சம்பந்தி உட்கார்ந்து, பழுத்ததாக ஒன்றைப் பார்த்துப் பிய்த்து, பாதித் தோலை உரித்து அண்ணனிடம் நீட்டினார். நங்கை என்னைப் பார்த்தார். அண்ணன்கூட, அத்தனை நாளில் முதல் தடவையாக, என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். சொல்லி வாங்கிய கெட்ட பெயர் எனக்கு ஒரு தடவை போதும். ஆனால் அண்ணன் கை பழத்தை நோக்கி நீண்டது. தட்டிவிட்டுவிடலாம் என்று பாதி எழுந்தும் விட்டேன்.

அண்ணன் கையை மடியில் திரும்பப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“எனக்குப் பழமும் ஆகாதுங்க சம்பந்தி” என்றார்.

“அட, அதுக்கென்னுங்க” என்றார் சம்பந்தி. உரித்த பழத்தைத் தானே கடித்துக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். யார் முகமும் கோணவில்லை. கொடுத்த பெண்ணை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். சந்தோஷமும் இருந்தது, அதைவிட ஆத்திரம் அதிகம். இவ்வளவு லேசான ஒரு வரி. இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் என் அண்ணன் தன் இதயத்தை நிறுத்திக்கொள்ளப் பார்த்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். சம்பந்தி இன்னொரு பழத்தை உரித்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

“நீங்களாச்சும் ஒண்ணு சாப்பிடுங்க அம்மணி” என்றார்.

வாழைப்பழ வாசமே எனக்குச் சின்ன வயதிலிருந்து குமட்டும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கடைசி வாய்வரை தின்றுவிட்டு, ரொம்ப நல்லா இருக்குதுங்க என்றேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.