பிரசாதம் சாப்பாட்டில் சேர்த்தியா?

தி.நகரில் அப்பாவின் பாத்திரக்கடைச் சத்தத்தில் வளர்ந்த இசக்கியம்மாளுக்கு, அடையாறு மருத்துவமனையொன்றில் பெட் ஸ்கேன் பிரிவில் நர்ஸ் வேலை. ஊசி போட்டு, நோயாளிகளை இருட்டறையில் சத்தமே இல்லாமல் படுக்கவைக்க வேண்டும். விதி விளையாடியது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவளுக்கோ அந்த வேலை கொள்ளைப் பிரியம்.

அன்று மயிலாப்பூரிலிருந்து மதுவந்தியை அழைத்து வந்தார்கள். பள்ளி ஆசிரியை. சில நாட்களாக ஒரே உளறல், பெற்ற அம்மாவையே "நீங்க யாரு?" என்று கேட்டாள். எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் அகப்படவில்லை. மனநோயா, மூளையில் அழற்சியா என்று இந்த ஸ்கேனாவது காட்டாதா என்பதுதான் டாக்டரின் நம்பிக்கை. அழற்சி என்றால் மருந்து உண்டு. ஆனால் தாமதித்தால் போன ஞாபகம் திரும்பாமலே போகலாம்.

"காலையில ஏதாவது சாப்பிட்டாங்களாம்மா?"

"பச்சைத் தண்ணி பல்லுல படலை," என்றாள் அம்மா ஜானு.

விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை எகிறி நின்றது. ஏற்றப்போகும் மருந்தும் கதிரியக்கம் கலந்த ஒருவகைச் சர்க்கரைதான். மூளை அதை எங்கே எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதுதான் படம். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால் படம் மங்கிவிடும்.

"நிஜமாவே ஒண்ணும் குடுக்கலையா?"

"சத்தியமா இல்லைடீம்மா! கோவில்லேர்ந்து சர்க்கரைப் பொங்கல் வாங்கிண்டு வந்தேன், அதை மட்டும் ஊட்டினேன். பிரசாதம் சாப்பாட்டுல சேர்த்தியா?"

இசக்கியம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தன்மேலேயே. அவள் வீட்டு விரதத்திலும் பிரசாதம் கணக்கில் வராது. தெரிந்தும் கேட்காமல் விட்டாளே!

"பாவி, நானே கெடுத்துட்டேனா?" ஜானு அழுதாள்.

"ஒண்ணும் கெடலம்மா. சர்க்கரை இறங்கட்டும், காத்திருப்போம்."

ஆனால் மருந்து காத்திருக்காது, நேரம் ஆக ஆக வீரியம் குறையும். டாக்டரிடம் சொல்லி, டெக்னீஷியன் யாசிரிடம் மல்லுக்கட்டி, மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, குறையும் வீரியத்தை ஈடுகட்ட மதுவந்திக்குக் கூடுதலாக ஒரு பங்கை ஒதுக்கச் செய்தாள்.

சாயங்காலம் எடுத்த படத்தில் மூளையின் உட்புறம் ஓரிடம் மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தது. அழற்சிதான். அன்றைக்கே சிகிச்சை தொடங்கியது.

சில மாதங்கள் கழித்துத் தாயும் மகளும் அவளைத் தேடி வந்தார்கள்.

"உங்களை எனக்கு ஞாபகமே இல்லை, தப்பா நினைச்சுக்காதீங்கோ," என்று சிரித்தாள் மதுவந்தி. பிறகு ஜானுவின் பக்கம் திரும்பிக் கைநீட்டினாள். "அம்மா, அந்தப் பொங்கலைக் குடு."

'அம்மா' என்று அவள் கூப்பிட்டதே இசக்கியம்மாளுக்குப் போதுமாக இருந்தது. என்னை மறந்தால் மறக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, தொன்னையை இரு கையாலும் வாங்கினாள்.