பூட்டாத கதவு

நாவல் எழுதிக்கொண்டிருந்தவர், தன் நாவலையே வேதமாக்கி ஒரு புது மார்க்கம் தொடங்கியிருந்தார். அந்த நாவலின் மறுபதிப்புக்கான புரூஃபை, அவர் திருத்தித் தருவதற்காக, நான் வேலை செய்த அச்சகத்திலிருந்து வெள்ளவத்தையில் அவருடைய பிளாட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். மெலிந்த மனிதர். யாராவது காலில் விழக் குனிந்தால் பாதங்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொள்வார்.

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார்.

“வீட்டைப் பூட்டாமல் விட்டால் காணாமல் போன பிள்ளை திரும்பி வரும் எண்டு எழுதியிருக்கிறீங்கள் ஐயா. நான் இண்டைக்கும் பூட்டிறேல்லை.”

எழுத்தாளரின் முகம் கறுத்துப்போனது. “அம்மா, அது நான் இட்டுக்கட்டினது.”

“தெரியும் ஐயா. அந்தக் கதையிலயாவது பிள்ளை வந்திட்டான்தானே.”

அந்த அம்மா குனிந்தபோது அவர் பாதங்களை இழுக்க மறந்துவிட்டார்.

அம்மா போனதும் கதவைப் பூட்ட எழுந்தேன்.

“விடும் தம்பி” என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.